இல்லாத வீட்டுக்கு வந்த நடு விலை

அன்பும் மரியாதையும் மிக்க பெரிய மச்சானுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலம். உங்கள் தங்கைக்கு இடது முழங்காலும் எனக்கு மூக்குக் கண்ணாடியும் தவிர வேறு குறை இல்லை. முழங்கால் வலிக்கிறது, கண்ணாடி நேற்றிலிருந்து காணவில்லை. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கண்ணாடி. மூட்டை கட்டியபோது ஏதோ ஒரு மூட்டைக்குள் போயிருக்கும் என்பது உங்கள் தங்கையின் கூற்று. அது இல்லாமல் எழுத முடிகிறது, எழுதியதைத் திரும்பப் படிக்க முடியவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, அக்காவின் பல் வைத்தியம் முடிந்ததா என்று பதிலில் எழுதவும். நலம் விசாரிப்பு இத்துடன் முடிகிறது, செய்திக்கு வருகிறேன்.

நீங்கள் எடுக்கச் சொன்ன நடு விலை, இப்போது இல்லாத ஒரு வீட்டைக் காலி செய்வதற்கான விலை. இது இன்று காலை உறுதியான தகவல். சொன்னவர், வீடு மாற்றித் தரும் மூன்றாவது நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கும் பெண். நான் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதையே சொன்னார். உங்கள் தங்கை பக்கத்தில் நின்று கேட்டாள். ஆகவே சாட்சியும் உண்டு.

பின்னணி உங்களுக்குத் தெரியும். மாதக் கடைசியில் வீட்டுக்காரர் கையில் சாவி இருக்க வேண்டும். போகும் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது, படிக்கட்டு நடுவில் ஒரு முறை திரும்புகிறது, கூடம் இங்கே இருப்பதில் பாதி. இதையெல்லாம் போனில் சொன்னபோது நீங்கள் கொடுத்த யோசனையைத் தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன். "மாப்பிள்ளை, மூணு இடத்துல விலை கேளுங்க. கம்மியா சொல்றவன் பொருளை உடைப்பான், அதிகமா சொல்றவன் நம்மளை உடைப்பான். நடுவுல இருக்கறவனைப் பிடிங்க. மூணாவது இடத்தை நானே பார்த்துக்கறேன், எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான்." மூன்று இடத்தில் கேட்டு எழுதுவது என் தொழில் என்பதால் எனக்கும் அது சரியாகப் பட்டது. ஒருவர் சொன்ன விலை மற்றவர் காதில் விழக்கூடாது, விழுந்தால் அதற்கு ஏற்ப இவர் தன் விலையை மாற்றுவார் என்று, ஒவ்வொருவரையும் தனித்தனி நாளில் வரவழைத்தேன். அலுவலகத்தில் இளைய நிருபர்களுக்கு வருடக்கணக்காக நான் சொல்லிவந்ததும் இதுதான். அவர்கள் யாரும் வீடு மாற்றப் போயிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் வந்தவரை டேப்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் வந்தபோது நான் கண்ணாடி வாங்கக் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன்; வீட்டைச் சுற்றிக் காட்டியவள் உங்கள் தங்கை. அவர் இஞ்சு டேப்பால் எல்லாவற்றையும் நீளம், அகலம், உயரம் அளந்து, கன அடிக்கு இவ்வளவு என்று இருபத்தெட்டாயிரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாமவர் வந்தபோது உங்கள் தங்கை முழங்கால் மருத்துவரிடம் போயிருந்தாள். சுற்றிக் காட்டியவன் நான். இவரிடம் டேப்பும் இல்லை, தராசும் இல்லை. என் அட்டைப் பெட்டிகளில் ஒன்றின் மூலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், மெல்ல வைத்தார்.

"நாப்பது கிலோ இருக்கும் சார். உள்ள என்ன, செங்கல்லா?"

"செய்தி."

"செய்தி இவ்ளோ கனமா இருக்குமா சார்?"

"என் செய்தி இருக்கும்."

"இதே மாதிரி எத்தனை பெட்டி?"

"அறுபத்திரண்டு."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், வாசலில் நின்ற தன் வண்டியின் டயரை ஒரு முறை பார்த்தார். கிலோவுக்கு இவ்வளவு, மாடிக்கு இவ்வளவு, வாசலுக்கும் லாரிக்கும் இடையே சந்து நீளம் என்பதால் சுமைக்கு இவ்வளவு என்று ஐம்பத்து நாலாயிரம் எழுதினார். மூன்றாவது விலை நீங்கள் போனில் ஏற்பாடு செய்தது. ஒரே வரிதான் வந்தது: முழு வீடு, ஒரு லாரி, ஒரு நடை, முப்பத்தொன்பதாயிரம். சுருக்கமாக எழுதுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு. அதுவும் இன்று காலையோடு போயிற்று.

மூன்று தாளையும் மேசையில் பரப்பி வைத்து ஒப்பிட உட்கார்ந்தேன். மச்சான், ஒருவர் அடியில் சொல்கிறார், ஒருவர் கிலோவில் சொல்கிறார், ஒருவர் நடையில் சொல்கிறார். ஒரு கடையில் துணியை முழத்தில் கேட்டு, அடுத்த கடையில் எடையில் கேட்டு, மூன்றாவது கடையில் சட்டையாகக் கேட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? ஒரு தாளில் அட்டைப் பெட்டியும் கயிறும் விலைக்குள் அடக்கம், இன்னொன்றில் அது தனி. ஒன்றில் உடைந்தால் ஈடு கொடுப்பார்கள், இன்னொன்றில் "உடைவதற்கு நிறுவனம் வருந்தும்" என்று மட்டும் இருக்கிறது. டேப்காரர் தாளின் அடியில், பெரிய மரச்சாமான் ஒன்றைப் படிக்கட்டில் திருப்ப முடியாது, கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்ற வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்று இருந்தது. எது அந்தச் சாமான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இரண்டு நாள் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து நடந்தேன். பாதி வீடு மூட்டையாகிவிட்டதால் நேராக நடக்கவும் வழியில்லை. அண்டாவைச் சுற்றி, சுருட்டிய மெத்தையைத் தாண்டி, ஜன்னல் வரை போய்த் திரும்பினேன். மாடியில் இருக்கும் தையல்கார அம்மா இறங்கி வந்து, "கீழ யாரோ ராத்திரி பகலா நடக்கற மாதிரி இருக்கே, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நடந்ததில் ஒன்று புலப்பட்டது. காகிதம் கனம் அதிகம், இடம் குறைவு. மரச்சாமான் இடம் அதிகம், அதன் இடத்துக்குக் கனம் குறைவு. ஆகவே என் பெட்டிகளைக் கன அடிக்காரரிடமும், மரச்சாமான்களைக் கிலோக்காரரிடமும் கொடுத்தால் இரண்டு பேரிடமும் மலிவாகப் போகலாம். இதைவிடப் பெரிய விஷயங்களைக் கண்டுபிடித்தபோதுகூட நான் இவ்வளவு மகிழ்ந்ததில்லை. அடுக்களையில் டப்பாக்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த உங்கள் தங்கையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ரெண்டு லாரியா?"

"ரெண்டு லாரிதான். ஆனா ஒரு லாரி விலையைவிடக் கம்மி."

"ரெண்டும் ஒரே நேரத்துல இந்தச் சந்துக்குள்ள வந்து மூக்கும் மூக்கும் முட்டிக்கிட்டு நிக்கும். நீங்க நடுவுல நின்னு பேட்டி எடுப்பீங்க."

"விளையாடாதே. கணக்கு சரியா வருது."

"கணக்கு வரும். லாரி வராது. அந்த எவர்சில்வர் தூக்கை இப்படிக் கொடுங்க."

கணக்கை உறுதி செய்ய, டேப்காரருக்குப் போன் போட்டு, என் அறுபத்திரண்டு பெட்டிக்கு மட்டும் எத்தனை கன அடி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"பெட்டியா? பெட்டியே இல்லையே சார்."

"உள்ளறை முழுக்க இருக்கே, பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். அம்மா அதெல்லாம் பழைய பேப்பர்காரருக்குன்னு சொன்னாங்களே."

மச்சான், முப்பத்தைந்து ஆண்டு நான் எழுதிய செய்திகள் அந்தப் பெட்டிகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. ஒன்று படிக்க, ஒன்று பத்திரத்துக்கு, ஒன்று யாராவது கேட்டால் கொடுக்க. இதுவரை யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்டால்? நான் தாளைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். உங்கள் தங்கை கொஞ்சம்கூட அசரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது தாளை, அதாவது நான் சுற்றிக் காட்டிய கிலோக்காரர் தாளை, எடுத்து மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"சாப்பாட்டு மேசை எங்கங்க இதுல?"

நான் எவர்சில்வர் தூக்கை எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தேன்.

"எட்டு நாற்காலி எங்க?"

தூக்கின் மூடியையும் தனியாகச் சுற்றினேன். அவளே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். கிலோக்காரர் வெள்ளை மனசுக்காரர், தயங்காமல் சொன்னார்: "மேசையா? சார்தான் அது வீட்டுக்காரரோடது, வீட்டோட இருக்கும்னு சொன்னாரும்மா."

சொன்னேன். மறுக்கவில்லை. உங்கள் தங்கை ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. போனை வைத்துவிட்டு, "அது எங்கண்ணன் கொடுத்தது" என்று மட்டும் சொன்னாள். நாற்பது பேர் கூடிக் கோஷம் போட்ட வாசல்களில் நின்று செய்தி எழுதியவன் நான். அன்று அந்த அடுக்களையில் நிற்க முடியவில்லை.

ஆக, நான் இரண்டு நாள் ஒப்பிட்டது இரண்டு நிறுவனங்களின் விலையை அல்ல. ஒன்று உங்கள் தங்கையின் வீட்டுக்கான விலை, அதில் மேசை உண்டு, பெட்டி இல்லை. மற்றொன்று என் வீட்டுக்கான விலை, அதில் பெட்டி உண்டு, மேசை இல்லை. ஒரே கூரையின் கீழ் இப்படி இரண்டு வீடு இருந்ததை டேப்பும் கண்டுபிடிக்கவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அடுக்களை மேடையில் வைத்துத்தான் சாப்பிட்டோம், வழக்கமாக அங்கேதான் சாப்பிடுகிறோம். மேசையில் என் தாள்கள் பரந்திருக்கும், தட்டுக்கு இடம் கிடையாது. நாற்காலி எட்டில் ஆறின் மேல் துணி, பாத்திரம், மாத்திரை டப்பா என்று ஏதாவது உட்கார்ந்திருக்கும். தயிர் ஊற்றும்போது அவள்தான் முதலில் பேசினாள்.

"இதுக்கு எதுக்குச் சண்டை? அண்ணன் சொன்ன மாதிரி நடு விலையை எடுத்துக்கலாம். முழு வீடுன்னுதானே போட்டிருக்கு? மேசையும் போகட்டும், பெட்டியும் போகட்டும். அங்க போய்ப் பார்த்துக்கலாம்."

எனக்கும் அது நல்ல சமாதானமாகத் தோன்றியது. நேற்று கண்ணாடி தொலைந்தது. இன்று காலை, நடு விலையை உறுதி செய்ய உங்கள் ஆளின் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"புக்கிங் போட்டுடலாம் சார். ஒரே ஒரு சந்தேகம். கடிக்கிற நாய்க்கு வாய்க்கூடு நீங்களே போட்டுடுவீங்களா, இல்ல எங்க ஆளுங்க கொண்டு வரணுமா?"

"எங்க வீட்ல நாயே இல்லையேம்மா."

"இருக்குன்னு உங்க மச்சான் சொல்லியிருக்காரே சார். ரொம்பக் கோவக்கார நாய், அவரையே ரெண்டு தடவை கடிச்சிருக்காம். அதுக்குத் தனி ஆள் போட்டு விலை சேர்த்திருக்கோம்."

"கடிச்சது உண்மைதான். ஆனா அது செத்து இருபது வருஷமாச்சு."

"ஓ. அப்ப அந்தத் தொட்டில்?"

"தொட்டில்ல படுத்திருந்தவ இப்ப ஒரு பேங்க்ல மேனேஜர்."

"கிக்கரை உதைச்சு ஸ்டார்ட் பண்ற ஸ்கூட்டர் ஒண்ணு, தண்ணி பிடிக்கிற டிரம் மூணு, கூண்டோட கிளி ஒண்ணு..."

"கிளி பறந்துபோச்சும்மா."

பேனாவால் வரி வரியாக அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் கேட்டார்: "அப்ப இது எந்த வீடு சார்?"

எந்த வீடு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாய் இரண்டாவது முறை கடித்த நாளிலிருந்து நீங்கள் எப்போது வந்தாலும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறீர்கள். நாய் போய்விட்டது என்று எத்தனை முறை சொல்லியும் உள்ளே வந்ததில்லை. அப்படி இருந்தும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நிறுவனத்துக்குப் பட்டியல் கொடுத்திருக்கிறீர்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் ஞாபகசக்தி பிரமாதம். கிளிக்கூண்டின் கொக்கி உடைந்திருந்ததைக்கூட அந்தப் பெண் சொன்னார். ஆனால் அந்தப் பட்டியலில் இன்றைக்கும் இந்த வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் தச்சரை வைத்துச் செய்து கொடுத்த, எட்டுப் பேர் உட்காரும் அந்தத் தேக்கு மேசை.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்று விலையும் செல்லாது. ஒரே பட்டியலைக் கொடுத்து, ஒரே கணக்கில் புதிதாக விலை கேட்க வேண்டும். அந்தப் பட்டியலை எழுத விடாமல் நிற்பது அந்த மேசைதான். புது வீட்டுக் கூடத்தில் மேசையைப் போட்டால் பெட்டிகளுக்கு இடமில்லை. பெட்டிகளை அடுக்கினால் மேசைக்கு இடமில்லை. இரண்டையும் வைத்தால் எங்களுக்கு இடமில்லை. காலையில் இதை உங்கள் தங்கையிடம் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். அவள் சொன்ன பதில் இது, ஒரு சொல்லும் மாற்றவில்லை: "எங்கண்ணன் கொடுத்ததை நான் எப்படி விட்டுட்டு வருவேன்? அவர் வாயால வேண்டாம்னு சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்."

மச்சான், உங்கள் வாயால் சொன்னால் போதும் என்று அவள் சொன்னாலும், எனக்கு அது எழுத்தில் வேண்டும். போனில் சொன்னதை மறுநாள் நீங்கள் மறுப்பது வழக்கம். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அமைச்சர்களும் அப்படித்தான். ஒரு வரி போதும். "மேசையை அங்கேயே விட்டுவிட எனக்குச் சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நீங்கள் ஒரு சொல் எழுதினால் என் அறுபத்திரண்டு பெட்டிகள் பிழைக்கும். எழுதாவிட்டால் அவை பழைய பேப்பர்காரர் தராசில் ஏறும். அவரும் கிலோவுக்குத்தான் விலை சொல்கிறார், ஆனால் அதைக் கேட்கவே மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தையும் அந்த மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். நல்ல மேசை, ஆடவில்லை. அதற்கும் எனக்கும் சொந்தப் பகை எதுவும் கிடையாது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "லாரி எப்ப வருது?" என்றார். "தகவல் வந்ததும் தெரிவிக்கிறேன்" என்றேன். "யார்கிட்டேந்து தகவல் வரணும்?" என்றார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

இன்றைய நிலவரப்படி நிலுவையில் உள்ளவை: மேசை குறித்து உங்கள் எழுத்துபூர்வமான பதில், இது வெள்ளிக்கிழமைக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. அதை வைத்து டேப்காரர் நேரில் வந்து, நாங்கள் இருவரும் ஒன்றாக நின்று காட்ட, புதிதாகக் கொடுக்கப்போகும் விலை, இது சனிக்கிழமை. என் கண்ணாடி, இதற்குத் தேதி சொல்ல முடியவில்லை. உங்கள் தங்கை கடைத்தெருப் பக்கம் போகிறாள். கவரை ஒட்டிக் கூரியரில் போடச் சொல்லியிருக்கிறேன். நாளை உங்கள் கைக்குக் கிடைக்கும். அவள் படிக்க மாட்டாள், படிக்க நேரமில்லை என்று அவளே சொன்னாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்த வீட்டில் இருந்தாலும் சௌக்கியமாக இருக்கட்டும், அடிக்கடி வீடு மாற்றாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: அண்ணா, நான்தான் எழுதறேன். கூரியர் ஆபீஸ்ல கூட்டம், அதனால படிக்க நேரம் கிடைச்சுது. அவர் எழுதினது எல்லாம் உண்மைதான், ஆனா எதுவும் நிலவரம் இல்லை. மேசையை நான் போன மாசமே மாடி வீட்டுத் தையல்கார அம்மாவுக்குக் கொடுக்கறதா வாக்குக் கொடுத்தாச்சு, துணி வெட்ட நல்லா இருக்கும்னு ஆசைப்பட்டாங்க. நீ தப்பா நினைக்க மாட்டேன்னு தெரியும். டேப்காரர்கிட்ட மேசையைச் சேர்த்து எழுதச் சொன்னது, அதை விட்டுக்கொடுக்கற மாதிரி விட்டுக்கொடுத்துப் பெட்டியைக் குறைக்கறதுக்குத்தான். மேசையும் இல்லாம பெட்டியும் இல்லாம டேப்காரர் முந்தாநாளே வேற விலை கொடுத்துட்டார், மூணையும்விடக் கம்மி. அட்வான்ஸும் கொடுத்தாச்சு, திங்கட்கிழமை லாரி வருது.

எனக்கு அந்தக் கூடத்துல ஒண்ணுமே வேண்டாம் அண்ணா. கல்யாணம் ஆனதுலேந்து ஒரு காலி இடத்தை நான் பார்த்ததில்லை. ஒரு பாயை விரிச்சு, இந்த முழங்காலை நீட்டி, எதுலயும் இடிக்காம படுக்கணும். அவ்வளவுதான்.

அதனால நீ சம்மதம்னு உடனே எழுதிடாதே. மேசை புது வீட்டுக்கு வந்தே ஆகணும்னு முதல்ல கோவமா ஒரு கடிதம் போடு. அப்புறம் வெள்ளிக்கிழமை அவர் போன் பண்ணுவார், கெஞ்சுவார். பெட்டியை ஆறா குறைச்சா மேசையை விட்டுடறேன்னு சொல்லு. லாரியில ஆறு பெட்டிக்கு இடம் சொல்லி வச்சிருக்கேன். அந்த ஆறையும் அவரே பேசி ஜெயிச்ச மாதிரி இருக்கட்டும்.

கண்ணாடி என் கைப்பையிலதான் இருக்கு. இருந்தா அட்வான்ஸ் ரசீதைப் படிச்சிருப்பார். சனிக்கிழமை கண்டுபிடிச்சுக் கொடுப்பேன்.